தானே விதைத்துக்கொள்ளும் காசித்தும்பை

பூத்துக் காய்த்து முற்றிய ஒரு செடியின் விதை, மனிதக் கை படாமலேயே அதே மண்ணில் விழுந்து, ஏற்ற பருவம் வரும்வரை காத்திருந்து, பின்னர் முளைத்து மீண்டும் பூக்குமானால் அதைத் தன்விதைப்புச் செடி எனலாம். இத்தகைய செடிகள் பெரும்பாலும் ஓராண்டிலோ ஈராண்டிலோ ஆயுள் முடிந்துவிடுபவை என்பதால், ஒரு தோட்டத்தில் அவை நிலைத்திருப்பது வேரின் வலிமையால் அன்று, விதையின் வலிமையால்தான். ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் இவ்வகையில் புகழ்பெற்றது ஃபாக்ஸ்குளோவ். தென்னிந்தியாவில், குறிப்பாகப் பெங்களூரின் ஈஜிபுரா போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில், அதே பணியை எளிதாகச் செய்யக்கூடியது காசித்தும்பை.

டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா என்னும் அறிவியல் பெயர் கொண்ட ஃபாக்ஸ்குளோவ் ஓர் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு படிந்த இலைக்கொத்தாக மட்டும் வளர்ந்து, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே, மணி வடிவப் பூக்கள் அடுக்கடுக்காகத் தொங்கும் நெடிய தண்டை அது எழுப்புகிறது. நீடித்த குளிர் பட்டால்தான் பூக்கும் இந்தத் தன்மையைக் குளிர்ப்பதம் எனலாம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையின் தோட்டங்களில் இச்செடி பூக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவிலும் வெப்பநிலை சராசரியாக 15 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும் பெங்களூரில் அதற்குத் தேவையான குளிர் கிடைப்பதில்லை. தவிர, இதன் எல்லா உறுப்புகளிலும் இதயத் துடிப்பை மாற்றக்கூடிய நச்சுப் பொருள்கள் உள்ளன. அவற்றின் மருத்துவப் பயனை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார் என்பதும், இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930-இல் டிஜாக்சின் என்னும் இதய மருந்து பிரிக்கப்பட்டது என்பதும் மருத்துவ வரலாற்றில் சிறப்பானவை. ஆனால் குழந்தைகள் விளையாடும் சிறு வாசலில் வளர்க்க இந்த நச்சுத்தன்மையால் இது உகந்ததன்று.

காசித்தும்பையோ இந்த நிலத்துக்கே உரியது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு இம்பேஷியன்ஸ் பால்சமினா என்று அறிவியல் பெயரிட்டார். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இந்தப் பேரினத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரமான பாறைச் சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் வளர்கின்றன. நீர் நிறைந்த சதைப்பற்றான தண்டு, விளிம்பில் பல்போன்ற வெட்டுகள் கொண்ட நீண்ட இலை, இலைக்கணுக்களில் வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, சிவப்பு நிறங்களில் பூக்கள் எனச் சுமார் முக்கால் மீட்டர் உயரம் வரை இது வளர்கிறது.

பூவின் பின்புறத்தில் வால்போல் வளைந்து நீளும் மெல்லிய குழல் ஒன்று உண்டு. புல்லி இதழ்களில் ஒன்று நீண்டு உருவான இக்குழலின் நுனியில்தான் தேன் சுரக்கிறது. பூ விரிந்தவுடன் ஐந்து மகரந்தத் தாள்களும் ஒன்றாக இணைந்து சூலகத்தின் மேல் ஒரு தொப்பிபோல் மூடியிருப்பதால், தேனைத் தேடி வரும் தேனீயின் முதுகில் மகரந்தம் மட்டுமே ஒட்டுகிறது. பின்னர் அந்தத் தொப்பி கழன்று விழுந்து சூல்முடி வெளிப்படும்போது, வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை அது ஏற்கிறது. ஆண் நிலை முந்தியும் பெண் நிலை பிந்தியும் அமையும் இந்த ஏற்பாட்டால், ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே சூலுறுவது பெரிதும் தவிர்க்கப்படுகிறது. அருகருகே பல நிறச் செடிகள் நிற்கும் தோட்டத்தில் அடுத்த தலைமுறைப் பூக்களின் நிறம் தாய்ச்செடியைப்போலவே இராமல் கலந்து வருவதற்கும் இதுவே காரணம்.

இச்செடி தன்விதைப்பில் சிறந்து விளங்குவது அதன் காயின் அமைப்பால். மென்மயிர் போர்த்திய, இருமுனையும் கூம்பிய இந்தக் காய் ஒரு வெடிகனி. அதாவது முற்றியதும் தானே பிளந்து விதையை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அதன் சுவர் ஐந்து பட்டைகள் நெடுக்கில் ஒட்டிக்கொண்டு உருவானது. காய் முற்றும்போது சுவரின் வெளிப்புறச் செல்கள் நீரால் நிரம்பி விம்முகின்றன. செல்லுக்குள் உள்ள நீர் செல்சுவரைத் தள்ளும் இந்த விசைக்கு விறைப்பழுத்தம் என்று பெயர். வெளிப்பக்கம் நீள முயல, உட்பக்கம் அதற்கு இணங்காமல் தடுப்பதால், ஒவ்வொரு பட்டையும் வளைத்துப் பிடிக்கப்பட்ட வில்லைப்போல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. பட்டைகளை இணைக்கும் கோடுகள் முதிர்ச்சியில் வலுவிழந்த நிலையில், ஒரு விரலோ மழைத்துளியோ பட்டால் போதும். காய் வெடித்துப் பட்டைகள் உள்நோக்கிச் சுருள, விதைகள் நாற்புறமும் தெறிக்கின்றன. இதே பேரினத்தைச் சேர்ந்த வட அமெரிக்கச் செடி ஒன்றை அதிவேகக் கேமராவால் ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, பட்டைகள் சுருள்வதற்குச் சுமார் 4 மில்லி விநாடியே ஆகிறது என்று காட்டியது. ஒன்றிரண்டு மீட்டர் தொலைவுக்குள் விதை விழுவதால் தாய்ச்செடியின் நிழலிலிருந்து அது விலகியும், அதற்கு ஒத்துவந்த மண்ணிலிருந்து விலகாமலும் இருக்கிறது.

கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில் வீட்டின் முன் எஞ்சுவது பெரும்பாலும் சில அடி அகலமுள்ள மண்பட்டையோ, மாடிப்படியோரம் வைத்த தொட்டிகளோதான். காசித்தும்பைக்கு அந்த அளவே போதுமானது. பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையில் நனைந்ததும் மண்ணில் கிடந்த விதைகள் ஓரிரு வாரங்களில் முளைக்கின்றன. அவற்றிலிருந்து எழும் செடிகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கி, நகரில் மழை மிகுந்த ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் காய்த்து விதை சிதறுகின்றன. அதன்பின் வரும் வறண்ட மாதங்களில் செடி மடிய, விதை மட்டும் மண்ணில் உறங்குகிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமும், நீர் தேங்காத, தொழுவுரம் கலந்த செம்மண்ணும் இதற்கு ஏற்றவை. நீர் தேங்கினால் சதைப்பற்றான தண்டு எளிதில் அழுகிவிடும்.

இத்தோட்டத்தில் மனிதர் செய்ய வேண்டியது விதைப்பதைவிட விலகி நிற்பதே. பூ முடிந்ததும் செடியைப் பிடுங்கி வாசலைச் சுத்தம் செய்யும் பழக்கமும், பருவந்தோறும் மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டுவதும், மேல்மண்ணைச் சிமென்ட்டால் மூடுவதுமே தன்விதைப்புக்கு முதன்மையான தடைகள். முதல் காய்கள் வெடிக்கும்வரை செடியை விட்டுவைக்க வேண்டும். களை எடுப்பதற்கு முன், காசித்தும்பை நாற்றின் உருண்டையான தடித்த விதையிலைகளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நாற்றுகள் நெருங்கி முளைத்தால் ஒன்றரைச் சாண் இடைவெளி விட்டு மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றலாம். விரும்பிய நிறத்தைக் காக்க நினைப்பவர்கள், அந்தச் செடியின் முற்றிய காய்களை மெல்லிய துணிப்பையால் கட்டி விதையைத் தனியே சேகரிப்பதும், விரும்பாத நிறச் செடிகளை முதல் பூ விரிந்தவுடனே நீக்கிவிடுவதும் நல்லது. இலைகளில் வெண்பொடி படர்ந்தால் நோயுற்ற இலைகளைக் கிள்ளி அகற்றிக் காற்றோட்டம் கொடுப்பது பெரும்பாலும் போதுமானது. கண்போன்ற புள்ளிகளும் வால்முனையில் கொம்பும் கொண்ட புழுக்கள் தென்பட்டால் அவை பருந்து அந்துப்பூச்சியின் இளம்பருவம் என்பதை உணர்ந்து, ஓரிரு செடிகளை அவற்றுக்கென விட்டுக்கொடுக்கலாம்.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் பூங்காவில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகளைக் கண்டு, அயல்நாட்டுப் பூச்செடிகளை வாங்கி வரும் ஆர்வம் பெங்களூர் வீடுகளில் பரவலாக உண்டு. அந்த ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆயினும் பருவம் முடிந்ததும் மீண்டும் விலைகொடுத்து வாங்க வேண்டிய செடிகளோடு, ஒருமுறை இடம் கொடுத்தால் ஆண்டுதோறும் தானே வரும் இந்த மண்ணின் செடிக்கும் ஒரு தொட்டி ஒதுக்கப்பட வேண்டும். அண்டை வீட்டில் கேட்டுப் பெற்ற ஒரு பிடி விதையும், அவ்வப்போது தண்ணீரும், காய் முற்றும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் ஈஜிபுராவின் எந்தக் குறுகிய வாசலிலும் இதைத் தொடங்கிவிடலாம்.