பழகிய இடத்தில் ‘தமிழ்’ இல்லை

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால் என் கண் முதலில் இடப்பக்கம்தான் போகும். அங்கே கீழே மொழிப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் ‘தமிழ்’ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஒரே சொடுக்கில் தமிழ்க் கட்டுரைக்குப் போய்விடலாம். பல ஆண்டுப் பழக்கம் அது. 2023 ஜனவரியில் ஒருநாள் பார்த்தபோது அந்த வரிசையையே காணவில்லை. தமிழ்க் கட்டுரையை நீக்கிவிட்டார்களோ என்று ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது. சற்று நேரம் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லா மொழிகளையும் வலப்பக்க மேல்மூலையில் ஒரே பொத்தானுக்குள் வைத்திருந்தார்கள். கட்டுரை பத்திரமாக இருந்தது; வாசல்தான் இடம் மாறியிருந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் கணினித் திரைத் தோற்றம் மாறியது. புதிய தோற்றத்தின் பெயர் ‘வெக்டர் 2022’. அதற்கு முந்தையது 2010இல் வந்த பழைய வெக்டர். அதற்கும் முந்தையது 2004இல் வந்த ‘மோனோபுக்’. பத்தாண்டுக்கு மேலாக ஒரே முகத்தோடு இருந்த தளம் திடீரென வேறு முகத்தோடு வந்து நின்றது. கட்டுரையின் தொடக்கத்தில் பெட்டியாக இருந்த பொருளடக்கம் இடப்பக்கத்துக்குப் போய், நாம் கீழே இறங்க இறங்கக் கூடவே வந்தது. தேடுபெட்டி, தலைப்பின் பக்கத்தில் சிறு படத்தையும் காட்டத் தொடங்கியது. இடப்பக்கப் பட்டியை மூடி வைக்க வழி வந்தது. இவற்றையெல்லாம் பலர் நாலு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஓயாத சண்டை மூண்டது வேறொன்றுக்காக: வெள்ளை இடம்.

புதிய தோற்றத்தில் வரியின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. திரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் எழுத்து நடுவில் ஓர் அளவுக்குள் நின்றுவிடும். மீதி இடம் வெறுமையாகக் கிடக்கும். இதற்கு வடிவமைப்பாளர்கள் சொன்ன காரணம் அச்சுத் தொழில் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. வரி மிக நீண்டுவிட்டால், அதன் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் வழி தவறும். படித்த வரியையே மறுபடி படிக்க நேரும். உரோமன் எழுத்தில் அச்சிடும் நூல்களுக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை போதும் என்பது அச்சுக்கலை நூல்கள் சொல்லும் அளவு. நாளிதழை அகலத் தாள் முழுக்க ஒரே வரியாக ஓட்டாமல் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுவதும் கண்ணுக்கு உதவுகிறது. ஆகவே அவர்கள் வாதத்தில் பிழை இல்லை.

எதிர்த்தவர்கள் வாதத்திலும் பிழை இல்லை. விக்கிப்பீடியாவை எழுதுகிறவர் அதை நாவல்போல மேலிருந்து கீழாக வாசிப்பதில்லை. ஒரு கட்டுரையின் நேற்றைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுகிறார். பத்துப் பதினைந்து நெடுவரிசை கொண்ட அட்டவணையைச் சரிபார்க்கிறார். படம் எந்தப் பத்திக்கு அருகில் நிற்கிறது என்று பார்க்கிறார். பெரிய திரையை வாங்கி வைத்திருப்பதே இதற்காகத்தான். அந்தத் திரையில் பாதியை வெள்ளையடித்து விட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? வாசிப்பவருக்கு வசதியானது தொகுப்பவருக்கு இடைஞ்சலானது. ஒரே பக்கத்தை இரண்டு வேலைக்கு இரண்டு வகையான மனிதர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறந்தால் இந்த விவகாரமே புரியாது.

புதுத் தோற்றம் எதுவானாலும் முதலில் எதிர்ப்பு வரும் என்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஒன்றை அடிக்கடி பார்த்தாலே அதன்மேல் பிடிப்பு வளர்கிறது என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் ஆய்வுகளால் காட்டினார். தேர்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தாலும் மக்கள் ஏற்கெனவே இருப்பதன் பக்கமே சாய்கிறார்கள் என்று வில்லியம் சாமுவெல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 1988இல் எழுதினார்கள். இதோடு கைப்பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த கிண்ணத்தில் வெந்தயத்தைப் போட்டு வைத்தால், சமையல் தெரிந்தவர்தான் அதிகம் தடுமாறுவார். புதிதாகச் சமைக்க வந்தவர் எப்படியும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்கப் போகிறார். ஆகவே ஒரு தளத்தை மிக நன்றாகத் தெரிந்தவர்களே அதிகம் கத்துவதில் வியப்பில்லை.

இந்த உண்மையை நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துவதுதான் எனக்கு வருத்தம். ‘இரண்டு வாரம் கத்துவார்கள், பிறகு பழகிவிடும்’ என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் சான்று ஃபேஸ்புக். 2006 செப்டம்பரில் நண்பர்களின் செயல்களையெல்லாம் ஒரே ஓடையாகக் காட்டும் பக்கத்தை ஃபேஸ்புக் கொண்டுவந்தது. எதிர்ப்புக் குழுவில் சில நாள்களிலேயே லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். கடைசியில் அந்த ஓடைதான் நிலைத்தது. ஆனால் கதையின் பாதியைத்தான் இவர்கள் சொல்கிறார்கள். மக்கள் பயந்தது நிறத்துக்கும் வடிவத்துக்கும் அல்ல, தங்கள் செயல்கள் எல்லார் கண்ணிலும் படுவதற்கு. அந்த வாரமே மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு, எதைக் காட்டுவது எதை மறைப்பது என்ற கட்டுப்பாட்டைப் பயனர் கையில் கொடுத்தார். அதன்பிறகுதான் கொந்தளிப்பு அடங்கியது.

பழகிவிடும் என்று நம்பி மோசம்போன கதையும் உண்டு. ‘டிக்’ என்ற தளத்தில் பயனர்கள் செய்தி இணைப்புகளைக் கொண்டுவந்து போடுவார்கள். மற்றவர்கள் வாக்களித்து மேலேற்றுவார்கள் அல்லது புதைப்பார்கள். 2010 ஆகஸ்ட் 25 அன்று அதன் நான்காம் பதிப்பு வந்தது. புதைக்கும் பொத்தான் போய்விட்டது. செய்தி நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளைத் தாமாகவே கொட்டலாம் என்றாகிவிட்டது. வெளியே தெரிந்தது தோற்ற மாற்றம். உள்ளே நடந்தது அதிகார மாற்றம். பயனர்களுக்கு அது உடனே புரிந்தது. போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளுக்கே வாக்களித்து டிக்கின் முகப்பை நிரப்பினார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். புதிய தலைமை வந்து சில வசதிகளைத் திருப்பிக் கொடுத்தும் போனவர்கள் திரும்பவில்லை. ஒரு காலத்தில் கோடிக்கணக்கான டாலர் மதிப்புப் பேசப்பட்ட அந்தத் தளம் 2012இல் சுமார் 5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. டிக்கை விட்டவர்கள் போய்ச் சேர்ந்த ரெடிட் 2018இல் தன் தோற்றத்தை மாற்றியபோது பழைய தோற்றத்தைத் தனி முகவரியில் அப்படியே விட்டுவைத்தது.

இப்போது விக்கிப்பீடியாவுக்குத் திரும்புவோம். மற்றத் தளங்களுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை வழங்கிகளையும் மென்பொருளையும் பார்த்துக்கொள்கிறது. கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும் காவல் காப்பதும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். வீடு யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு தோற்ற மாற்றத்திலும் தலைதூக்குகிறது.

அந்தக் கேள்வி மிகக் கசப்பாக வெடித்தது 2014இல், ஜெர்மன் விக்கிப்பீடியாவில். படத்தைச் சொடுக்கினால் கருந்திரையில் பெரிதாகக் காட்டும் ‘மீடியா வியூவர்’ என்ற வசதியை அறக்கட்டளை கொண்டுவந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தை எடுத்தவர் யார், எந்த உரிமத்தில் தந்தார் என்ற விவரப் பக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இலவசமாகப் படம் தருகிறவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அவர் பெயர்தான். அதனால் அந்த வசதியை இயல்பாக இயங்கவிடக் கூடாது என்று ஜெர்மன் தன்னார்வலர்கள் வாக்களித்தார்கள். அவர்களில் நிர்வாகி ஒருவர் நிரலைத் திருத்தி அதை அணைத்தார். அறக்கட்டளை ஆகஸ்டில் நிர்வாகிகளும் தொட முடியாத புதுப் பூட்டு ஒன்றைச் செய்து அந்தப் பக்கத்தைப் பூட்டியது. நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். 2015 நவம்பரில் அந்தப் பூட்டு வசதியே மென்பொருளிலிருந்து நீக்கப்பட்டது.

சூடுபட்ட அனுபவம் வீண்போகவில்லை. வெக்டர் 2022க்கான வேலையை அறக்கட்டளை 2019இலேயே தொடங்கியது. 2020 முதல் பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், பாஸ்க் உள்ளிட்ட சில விக்கிப்பீடியாக்களில் ஒவ்வோர் அங்கமாக முன்கூட்டியே ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது தன்னார்வலர்களிடம் வெளிப்படையாகக் கருத்துக் கேட்டார்கள். ஆதரவும் எதிர்ப்பும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. விக்கிப்பீடியாவில் தலை எண்ணித் தீர்ப்புச் சொல்வதில்லை. சொன்ன காரணங்களை எடைபோடுவதே வழக்கம். முழு அகலத்துக்கு மாற்றும் பொத்தான் எல்லோருக்கும் கண்ணில் படும்படி வேண்டும் என்ற நிபந்தனையோடு பச்சைக்கொடி காட்டப்பட்டது.

அது போதவில்லை. கணக்கு இல்லாமல் வரும் வாசகர் பொத்தானை அழுத்தி அகலப்படுத்தினாலும், அடுத்த பக்கத்துக்குப் போனதும் பழையபடி குறுகிவிட்டது. பழையதற்கே திரும்ப வேண்டும் என்று இன்னொரு விவாதம் தொடங்கியது. திரும்பச் சொன்னவர்கள் 350க்கும் மேல். வேண்டாம் என்றவர்கள் 220க்கும் மேல். எண்ணிக்கை ஒரு பக்கம் கனத்திருந்தும் கருத்தொற்றுமை இல்லை என்று முடித்து வைத்தார்கள். சுவாகிலி விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்களோ மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒருமனதாக வாக்களித்தார்கள். இந்தக் குரல்களைப் பழக்கத்தின் முணுமுணுப்பு என்று தள்ளுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. காரணம், அகலம் பற்றிய முறையீடு வாரங்கள் கடந்தும் தேயவில்லை. பழக்கக் குறையால் வரும் எரிச்சல் நாளடைவில் கரையும். கையிலிருந்த கருவி பறிபோனதால் வரும் முறையீடு கரையாது. எதிர்ப்பைக் கேட்பவர் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

அறக்கட்டளை ஒருவாறு பிரித்தறிந்தது. அகலத் தேர்வை, கணக்கில்லாத வாசகருக்கும் பக்கம் மாறினாலும் நினைவில் நிற்கும்படி செய்தார்கள். 2024இல் எழுத்தின் அளவு, பக்கத்தின் அகலம், வெளிர்நிறமா கருநிறமா என்ற மூன்றையும் வாசகரே முடிவுசெய்யும் பட்டியல் பக்கத்தின் ஓரத்தில் வந்தது. கருநிறத் தோற்றம் வாசகர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்தது. அது வந்தபோது வெள்ளை இடத்துக்கு எழுந்ததுபோன்ற கூச்சல் எழவில்லை. யார்மீதும் திணிக்கப்படாத மாற்றம் அது.

மொழிப் பொத்தான் விஷயத்தில் எனக்கு மனக்குறை இன்னும் இருக்கிறது. முன்பு ‘தமிழ்’ என்ற சொல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தமிழிலும் இப்படி ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் படிக்க வந்த பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் தேடாமலே சொல்லிவிடும். இப்போது பொத்தானை அழுத்துகிறவருக்குத்தான் அது தெரியும். 2003இல் தொடங்கித் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இது சின்ன இழப்பல்ல.

இதைச் சொல்லவும் இடம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. அடுத்த மாற்றம் வரும்போது அங்கே போய் எழுதுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த வேலையை முன்பு எப்படிச் செய்தீர்கள், இப்போது எத்தனை சொடுக்கு கூடுதலாக ஆகிறது, எந்தத் திரையில் என்ன மறைகிறது என்று விவரமாக எழுதுங்கள். அதுவரை பழைய முகம்தான் வேண்டும் என்பவர்கள் ஒரு கணக்கைத் தொடங்கி, புகுபதிந்து, விருப்பத்தேர்வுகளில் தோற்றம் என்ற பகுதியைத் திறந்து பார்க்கலாம். 2010இன் வெக்டரும் 2004இன் மோனோபுக்கும் இன்றும் அங்கே இருக்கின்றன.