உப்பிட்டவரை மட்டுமல்ல, உப்பையும் நினை!



நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அதனால் எங்கள் வீட்டில் உப்பைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. அளத்திலிருந்து வரும் கல் உப்புதான் எப்போதும் சட்டியில் கிடக்கும்.

போன வருடம் அண்ணி மாசமாக இருந்தபோது, பார்க்க வந்த நர்ஸம்மா, "அயோடின் உப்புதானே போடுறீங்க?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல் தண்ணியில விளைஞ்ச உப்பும்மா இது. இதுல இல்லாத அயோடினா?" என்றார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சந்தேகம் தீர, வீட்டு உப்பையும் கடை உப்பையும் பொட்டலம் கட்டிக்கொண்டு கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனேன். சார் அனுமதியோடு இரண்டையும் தனித்தனியே கரைத்து, நீர்த்த சல்ஃபூரிக் அமிலம், பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச் கரைசல் விட்டோம். கடை உப்பு நீலமாகிவிட்டது. எங்கள் வீட்டு உப்போ அசையவே இல்லை!

காரணம் என்ன? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருந்தாலும், அயோடின் 60 மைக்ரோகிராம் அளவுதான். உப்பு படிகமாகும்போது அதிலும் பெரும்பகுதி சேராமல் போய்விடுகிறது.

நமக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 250. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இதை வைத்துத்தான் தைராக்சினைச் செய்கிறது. அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கி, கழுத்தில் கழலை வரும். கழலையாவது கண்ணுக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரியாது. பிறகு சரிசெய்யவும் முடியாது.

மலைநாடுகளில் மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட இமாசலப் பிரதேசக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வு தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. பின்னர் சமவெளியிலும் கடற்கரையிலும்கூட இந்தக் குறை இருப்பது தெரியவர, அயோடின் இல்லாத உப்பை உணவுக்காக விற்பது 2006 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது.

தொழில்நுட்பம் ரொம்ப எளிது. பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின்மேல் தெளித்துக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். 30 பிபிஎம் அயோடின் சேர்க்க, ஒரு டன் உப்புக்குச் சுமார் 50 கிராம் அயோடேட் போதும். நம் கைக்கு வரும்போது குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். ரத்தக் கொதிப்பு வரும்! ஈரம் படாமல் மூடி வைத்தாலே போதும். தைராய்டுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபில் பார்த்ததை வீட்டில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லாரியில ஏத்துறதுக்கு முன்னால அந்த மருந்தைத் தெளிக்கிறதைத் தினமும் பாக்கேன்லே. அது ஊருக்குன்னுல்லா நினைச்சேன்" என்றார். அன்று சாயங்காலமே கடை உப்பு வாங்கி வந்தார்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டு உப்புச் சட்டியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!