வெளியூர் ஆட்டத்திற்கு எப்படிப் போவது?



பேராக் அணி நாளை வெளியூரில் ஆடுகிறது என்றால், முதல் நாள் மாலையே தோட்டத்து ஒட்டுக்கடையில் வாய்ச்சண்டை தொடங்கிவிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். "அண்ணே, பயந்து பின்னால் நின்றால் ஜெயிக்க முடியுமா? இறங்கினதுமே அடிக்க வேண்டும்" என்பார் ஓர் இளைஞர். "தம்பி, அது அவன் திடல். முதல் இருபது நிமிஷம் கதவைச் சாத்து. அப்புறம் பார்க்கலாம்" என்பார் பால் வெட்டிக் கை காய்த்துப்போன பெரியவர் ஒருவர். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். ஒரு பந்தைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. இருக்கத்தான் செய்கிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயம் எது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், வெளியூரில் ஆடுவது ஏன் கடினம்? பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் தரும், எந்த மேட்டில் கால் வழுக்கும் என்பது உங்களுக்கு இருட்டிலும் தெரியும். ஒருவர் வேலைக்கு வராத நாளில் அவருடைய நிரையை வெட்டப் போனால், கத்தியும் அதே கத்தி, கையும் அதே கை. ஆனாலும் வாளியில் பால் குறைந்துவிடும். காற்பந்தும் அப்படித்தான். புல்லின் உயரம், தரையின் ஈரம், பந்து எழும்பும் விதம் எல்லாம் சொந்த அணிக்குப் பழகியவை. வந்த அணி அவற்றைக் கற்றுக்கொள்வதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும்.

அடுத்தது பயணம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் முன், ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் சுமார் 200 கிலோமீட்டரைத் தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலையில் ஊர்ந்துதான் கடக்க வேண்டும். கிளந்தானுக்குப் போவதென்றால் சொல்லவே வேண்டாம். கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பேருந்தில் முடங்கிய கால்கள் மறுநாள் ஓட மறுப்பதில் வியப்பில்லை.

ஆனால் பயணத்தையும் தரையையும் விடப் பெரிய காரணம் கூட்டம். கூட்டத்தின் இரைச்சல் ஆட்டக்காரரை மட்டுமல்ல, நடுவரையும் அசைக்கிறது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே ஆட்டத்தின் படத்தைச் சில நடுவர்களுக்கு ஒலியோடும் வேறு சிலருக்கு ஒலியில்லாமலும் காட்டினார்கள். ஒலியோடு பார்த்தவர்கள் சொந்த அணியின் மீது குறைவாகவே தவறு சுமத்தினார்கள். அவர்கள் வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்ததாகக் கருத வேண்டியதில்லை; காது கேட்டதைக் கண் நம்பிவிட்டது. 2020இல் கோவிட் நோயினால் ஜெர்மனியில் வெற்று அரங்குகளில் ஆட்டம் நடந்தபோது, சொந்தத் திடலில் வெல்வது வெகுவாகக் குறைந்ததையும் பார்த்தோம். ஆகவே லாரி பிடித்து அலோர் ஸ்டாருக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருபவரை வீட்டில் ரொம்பவும் திட்ட வேண்டாம். அவர் ஏதோ கொஞ்சம் வேலை செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இனி ஒட்டுக்கடைப் பெரியவரின் கட்சி. கதவைச் சாத்துவது என்றால் பதினொருவரும் கோல் வாயிலில் குவிந்து நிற்பது அல்ல. தற்காப்பில் நால்வர் ஒரு கோடு, அவர்களுக்கு முன்னால் நடுத்திடலில் நால்வர் இன்னொரு கோடு. இரு கோடுகளுக்கும் இடையே எதிரி நின்று திரும்ப இடம் கொடுக்கக் கூடாது. பந்து இடப்பக்கம் போனால் எட்டுப் பேரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள்போல் இடப்பக்கம் நகர வேண்டும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு முன்னே பாய்ந்தால் அந்த ஓட்டை வழியாகப் பந்து நுழைந்துவிடும். எதிரணிக்கு இருபது நிமிஷம் கோல் கிடைக்காவிட்டால் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கும். அதே இரைச்சல் சொந்த அணிக்கே பாரமாகிவிடும். அப்போது அவர்களின் ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பொறுமையிழந்து முன்னேறுவார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் நம்முடைய வேகமான ஓர ஆட்டக்காரர் ஓட வேண்டும். பெரியவர் "அப்புறம் பார்க்கலாம்" என்றது இதைத்தான்.

இளைஞரின் கட்சிக்கு வலுச் சேர்த்தது கணக்கு. முன்பெல்லாம் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. வெளியூரில் இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்தாலும், ஒன்றை வென்று மற்றதைத் தோற்றாலும், கிடைப்பது அதே 2 புள்ளிதான். பிறகு ஏன் துணிய வேண்டும்? 1981இல் இங்கிலாந்து லீக் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றியது. 1994இல் உலகக் கிண்ணத்திலும் அதுவே வந்தது. இப்போது இரண்டு சமநிலைக்கு 2 புள்ளி; ஒரு வெற்றிக்கும் ஒரு தோல்விக்கும் சேர்த்து 3. பெரியவரின் யோசனை பழைய கணக்கில் பழுத்தது. இளைஞருடையது புதிய கணக்கில் முளைத்தது. என்னைக் கேட்டால், லீக் ஆட்டத்தில் நான் இளைஞரின் பக்கம்.

கிண்ண ஆட்டம் வேறு. அங்கே இரு அணிகளும் ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் ஆடி, கோல்களைக் கூட்டிப் பார்ப்பதுண்டு. கூட்டுத்தொகை சமமானால், எதிரியின் திடலில் அதிகக் கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற விதி ஐரோப்பாவில் 1965இல் வந்தது. பேராக் வெளியூரில் 0-1 என்று தோற்று, ஈப்போவில் 2-1 என்று வென்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2-2. ஆனால் எதிரணி ஈப்போவில் ஒரு கோல் அடித்திருக்கிறது. நாம் அங்கே ஒன்றும் அடிக்கவில்லை. பழைய விதிப்படி நாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெளியூரில் அடிக்கும் ஒரு கோல் அவ்வளவு பெரியது. ஐரோப்பியச் சங்கம் 2021இல் இந்த விதியை எடுத்துவிட்டது. 1970களின் நடுவில் அங்கே 100 ஆட்டங்களில் 61ஐச் சொந்த அணி வென்றது. வந்த அணி வென்றது 19. பின்னாளில் அது 47க்கு 30 என்று நெருங்கிவிட்டது. பயணம் சுலபமாகி, திடல்களும் ஒன்றுபோல் ஆனபின் அந்தச் சலுகை எதற்கு என்றார்கள். வேறு போட்டிகளில் எந்த விதி என்பதை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது. பாதிச் சண்டை விதி தெரியாததால் வருவது. மீதிச் சண்டை பந்தயப் பணத்தால் வருவது. அதற்கு எந்த விதிப் புத்தகமும் உதவாது.

மலேசியக் கிண்ணத்தின் முன்னோடியான மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. அந்தக் கிண்ணம் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் தந்தது. பேராக் 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 என எட்டு முறை வென்றது. 1970க்கும் 1998க்கும் இடையில் 28 ஆண்டு. அத்தனை ஆண்டும் ஒட்டுக்கடையில் வாதம் ஓயவில்லை. 2018 இறுதியாட்டம் ஷா ஆலாமில். திரங்கானுவுடன் 3-3 என்று நின்று, பெனால்டியில் 4-1 என்று வென்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்குப் போனபின்னும் மஞ்சள் கறுப்புச் சட்டை கூடவே போயிற்று. அந்த அணியே 2025இல் பண நெருக்கடியால் 2025-26 பருவத்தின் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. எதிரியின் திடலில் எப்படி ஆடுவது என்று மூன்று தலைமுறை யோசித்தோம். சம்பளப் பட்டியலைப் பற்றி யாரும் ஒட்டுக்கடையில் பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை பக்கத்து ஊர்த் திடலில் ஆடப் போகலாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேரட்டும். காலணியோடு திடலை ஒரு சுற்று நடக்கட்டும். மேடு எந்தப் பக்கம், கோல் வாயிலில் சேறு உண்டா என்று பார்க்கட்டும். மாலை ஐந்து மணி ஆட்டமானால், நாணயம் சுண்டி வென்ற தலைவன் முதல் பாதியில் மேற்கு நோக்கித் தாக்கும்படி பக்கத்தைக் கேட்க வேண்டும். அப்போது வெயில் இன்னும் உயரத்தில் இருக்கும். பொழுது சாய்ந்து வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்தும் இரண்டாம் பாதியில், கையை நெற்றியில் வைத்துப் பந்தைத் தேடுவது எதிரணியின் கோல்காவலராக இருக்கட்டும்.