வண்டி இழுக்கவில்லை: ஒரு சொல், பல பழுதுகள்

உலு திராமைக் கடந்து கோத்தா திங்கி செல்லும் மூன்றாம் கூட்டரசுச் சாலையில் லாரியொன்றை முந்தும் வேளையில் மகிழுந்தின் விசை குன்றுமாயின், அது சிறு தொல்லையன்று, உயிர்க்கே இடராகும். அந்நிலையை நாம் 'வண்டி இழுக்கவில்லை' என்னும் ஒரே தொடரால் குறிக்கிறோம். அத்தொடருள் பல பழுதுகள் மறைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவோர் பொருளை இழப்பர், பழுதோ நீங்காது.

1985ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். அதன் 1.3 லிட்டர் இயந்திரம் கார்புரேட்டரால் எரிபொருள் பெறுவது. பழுதைத் தானே பதிவு செய்யும் கணினி அதில் இல்லை. ஆகவே கண்ணும் செவியும் மூக்குமே நமக்குக் கருவிகள்.

முதற்கண் குறை இயந்திரத்தினதுதானா என்று தெளிதல் வேண்டும். உயர் கியரில் முடுக்கியை அழுத்தும்போது இயந்திரத்தின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் உயராவிடின், கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுடுமாயின், பிரேக் விடுபடாமல் பற்றியிருக்கிறது. இவ்விரண்டிலும் இயந்திரம் குற்றமற்றது. அடுத்து, இயந்திரத்தை நிறுத்திவைத்து ஒருவர் முடுக்கியை முழுதும் மிதிக்க, காற்றுவழி அடைப்பிதழ் முற்றிலும் திறக்கிறதா என மற்றொருவர் காணவேண்டும். முடுக்கிக் கம்பி தளர்ந்திருந்தாலும் விசை குறையும்.

இயந்திரம் விசை தருவதற்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்கும் வேண்டும். செலவு குறைந்த சோதனையிலிருந்து இவற்றை ஆராய்வதே முறை. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் கலவையில் பெட்ரோல் மிகும், கரும்புகை எழும். எரிபொருள் வடிகட்டி அடைபட்டாலோ பம்ப் தளர்ந்தாலோ, நின்ற நிலையில் இயந்திரம் சீராக ஓடும். மேடேறும்போது கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் வற்றி இழுவை தளரும். சற்று ஓய்ந்தபின் மீளும். தீப்பொறி தவறினால் ஓட்டம் வெட்டி வெட்டி இழுக்கும். மழைக்காலத்தில் மட்டும் இது நிகழுமாயின், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மின்கம்பிகளிலும் ஈரம் உள்ளதா எனப் பார்க்கவேண்டும்.

பிளக்கின் நிறமும் சான்று பகரும். இளம்பழுப்பு நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், வெளிறிய வெண்மை பெட்ரோல் குறைவையோ அளவு கடந்த வெப்பத்தையோ, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே எண்ணெய் எரிவதையும் உணர்த்தும்.

இறுதியாக அமுக்கச் சோதனை. நான்கு உருளைகளின் அளவுகளையும் ஒப்பிடவேண்டும். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவின் முக்கால் பங்கிற்கும் கீழ் இருந்தால் பழுது உள்ளே இருக்கிறது. அவ்வுருளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சோதிக்க, அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன; உயராவிடின் வால்வுகளை ஐயுறலாம். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருசேரக் குறைந்திருப்பின், அவற்றிடையே தலைமூடிக் கேஸ்கட் சிதைந்திருத்தல் கூடும். நான்கும் குறைவின்றி இருந்தும் வண்டி இழுக்காவிடில், புகைபோக்கிக் குழாயின் அடைப்பை ஆராய்தல் வேண்டும்.

பட்டறைக்குச் செல்லுமுன் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வோம்: குறை எப்போது தோன்றுகிறது, எந்தக் கியரில், இயந்திரம் குளிர்ந்திருக்கையிலா சூடேறியபின்பா, புகையின் நிறம் யாது. 'இழுக்கவில்லை' என்று சொல்வோரின் வண்டியில் பழுதுபார்ப்பவர் எங்கும் தேடவேண்டியவராகிறார். 'சூடேறியபின் மூன்றாம் கியரில் மேடேறுகையில் தளர்கிறது. சற்று நின்றால் மீள்கிறது' என்போர், அவரை எரிபொருள் வழிக்கே நேரே அழைத்துச் செல்கின்றனர். சொல் திருத்தமுறும்போது செலவு குறைகிறது. சாலையில் உயிரும் காக்கப்படுகிறது.