பிராட்பேண்ட் இணைப்பும் வீட்டுக் கணினியின் காவலும்

பயிர்க் காப்பீடு, நிலப் பதிவேடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கல்வி ஆகிய யாவும் கணினி வழியே நடைபெறத் தொடங்கிவிட்டன. ஆதலின் புதுவை நகரிலும் சுற்றியுள்ள கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களிலும் பிராட்பேண்ட் இணைப்பு வீடுகளுக்கு வருவது வரவேற்கத்தக்கதே. எனினும், இணைப்பு வரும் நாளன்றே அதற்குரிய காவலையும் செய்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

இணையத்தைக் கிராமத்திற்குக் கொணர்ந்ததில் புதுவைக்குத் தனிப் பெருமை உண்டு. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. தொலைபேசி வழியே வில்லியனூரில் பெறப்பட்ட செய்திகள் கிராமங்களுக்கு எட்டின. வீராம்பட்டினத்து மீனவர்கள் கடலின் அலை உயரத்தை ஒலிபெருக்கி வாயிலாக முன்கூட்டியே அறிந்தனர். அக்காலத்துத் தொலைபேசி இணைப்பு வேண்டும்போது தொடுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் துண்டிக்கப்படும். பிராட்பேண்டோ இரவும் பகலும் திறந்தே இருப்பது. காவலற்ற கருவிகளைத் தேடி அலையும் தீய நிரல்கள் இதனை எந்நேரமும் தட்டிப் பார்க்க இயலும்.

முதலில் கவனிக்கற்பாலது மோடம். தொழிற்சாலையிலிருந்து வரும் மோடம்கள் பலவற்றிற்கு ஒரே கடவுச்சொல்லே இடப்பட்டிருக்கும். ஊரார் அனைவர் வீட்டுக்கும் ஒரே சாவி என்றால் பூட்டினால் பயன் யாது? 2017 ஜூலையில், இத்தகைய கடவுச்சொல் மாற்றப்படாத பி.எஸ்.என்.எல். மோடம்கள் தீய நிரலால் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, இணைப்புத் தர வரும் ஊழியர் விடைபெறுமுன்னரே, மோடத்தின் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றும் முறையைக் கேட்டறிந்து, இரண்டையும் வெவ்வேறாக மாற்றிவிடுதல் வேண்டும். பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது.

அடுத்தது கணினி. அதன் இயங்கு நிரலில் குறை தெரியவரும்போது, அதைத் தயாரித்த நிறுவனம் திருத்தம் வெளியிடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ஒரு திருத்தத்தை ஏற்காத கணினிகளை, அவ்வாண்டு மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் நிரல் பல நாடுகளில் முடக்கி, கோப்புகளை விடுவிக்கப் பணம் கேட்டது. கேரளத்தின் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் அதற்கு இலக்காயிற்று. கிராமத்து அலுவலகத்தை யார் நாடுவர் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது என்பதற்கு இது சான்று.

எனவே திருத்தங்கள் தாமே வந்து சேருமாறு கணினியை அமைத்தல் நலம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றமையால், பழைய கணினி வைத்திருப்போர் இதில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். ‘ஃபயர்வால்’ என்னும் தடுப்பும், வைரஸ் தடுப்பு நிரலும் விண்டோஸுடனேயே வருகின்றன. விலை கொடுத்து வாங்காவிடினும், அவை அணைக்கப்படாதிருக்கின்றனவா எனப் பார்த்துக்கொள்ளல் அவசியம். பட்டா நகல், கணக்கு, நிழற்படம் ஆகியவற்றைப் பென் டிரைவிலோ வேறு வட்டிலோ பிரதி எடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்திருப்பின், கணினி முடங்கினும் ஆவணம் அழியாது.

பூட்டு எவ்வளவு உறுதியாயினும், உள்ளிருப்போரே கதவைத் திறந்துவிட்டால் பயனில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்போருக்கு அதைச் சொல்லலாகாது. பணம் பறிபோயின் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். விரைந்து தெரிவிப்பின் பணத்தை இடைவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு மிகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் அலுவலகக் கணினியில் இவற்றை முதலில் நிறைவேற்றி, பின்னர் கணினி பயின்ற இளைஞரைக் கொண்டு வீடுதோறும் செய்வித்தல் நன்று. இதற்குச் செலவு மிக இல்லை. ஒரு வீட்டிற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.