பெயர் சொல்லாத பொத்தான்கள்: கைப்பேசிக் கடைகளில் பார்வையற்றோர் படும் பாடு

புதுதில்லி: பெங்களூரு வைட்ஃபீல்டில் வசிக்கும் பார்வையற்ற ஒருவர், கைப்பேசிச் செயலி மூலம் மளிகைப் பொருள் வாங்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதைப் படித்துக் காட்டும் வசதி அவரது கைப்பேசியிலேயே உண்டு. அது அரிசி என்கிறது, விலையையும் சொல்கிறது. பணம் செலுத்தும் கட்டம் வந்ததும் "பொத்தான்" என்று மட்டும் கூறி நின்றுவிடுகிறது. அது வாங்குவதற்கான பொத்தானா, நீக்குவதற்கானதா என்பது அவருக்குத் தெரிவதில்லை.

செயலியை எழுதியவர் அந்தப் பொத்தானுக்குப் பெயர் சூட்டவில்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பார்வையுள்ளோருக்குக் கூடையின் படமே போதும்; படித்துக் காட்டும் மென்பொருளுக்குச் சொல் வேண்டும். பல இடங்களில் ஓரிரு சொற்களைச் சேர்த்தால் தீரும் குறை இது. அதைச் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் பணிபுரிவதும் இதே வைட்ஃபீல்டில்தான்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை நீதிமன்றங்கள் கற்பித்தன. டார்கெட் என்ற பெரும் சில்லறை வணிக நிறுவனத்தின் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்றோர் அமைப்பு 2006-இல் வழக்குத் தொடுத்தது. 2008-இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதிக்கு ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. டோமினோஸ் பீட்சா நிறுவனத்தின் இணையதளம், செயலி மீதான வழக்கை நிறுத்த மறுத்த தீர்ப்பில் தலையிட, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் மறுத்துவிட்டது.

இந்தியாவில் இதற்கு மிக நெருக்கமான வழக்கில் சிக்கியது ஒரு பெங்களூரு நிறுவனம். மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்ய உதவும் பிராக்டோ செயலி பார்வையற்றோருக்குப் பயன்படவில்லை என்று, பார்வையற்ற வழக்கறிஞர் ராகுல் பஜாஜ், தில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் முறையிட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2022-இல் ஆணையர் தெளிவுபடுத்தினார்.

2016-இல் நிறைவேறிய அச்சட்டத்தில், சேவை அளிப்போர் "அரசாயினும் தனியாராயினும்" என்றே உள்ளது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. அவற்றைப் பின்பற்ற இரண்டு ஆண்டு அவகாசம். அதாவது 2019-லேயே கெடு முடிந்துவிட்டது. எனினும் ஆணையரின் கருத்து, சட்டத்தின் பார்வையில் பரிந்துரைதான். அதை ஏற்காதவர்கள் மூன்று மாதங்களுக்குள் காரணம் சொன்னால் போதும்.

விதிகளிலும் இதே பலவீனம். 2005-இல் ராஜீவ் ரதூரி தொடுத்த பொதுநல வழக்கு அதை அம்பலப்படுத்தியது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, அதன்கீழ் வகுத்த 15-ஆவது விதியோ வெறும் வழிகாட்டுதல்களையே அளிக்கிறது என்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8-இல் அவ்விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத கெடுவும் விதித்தது. வழக்குத் தொடுத்தபோது இந்தியாவில் கைப்பேசிக் கடைகளே கிடையாது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30-இல் வந்தது. வங்கிக் கணக்குத் தொடங்க கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் நடைமுறையை, அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் எதிர்த்திருந்தனர். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணுச் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி எனக் கூறி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் அதிகம்.

உரிமைக்கு உச்ச நீதிமன்றம் இவ்வளவு உயர்ந்த இடம் தந்துள்ள நிலையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை முதன்முறை மீறுவோருக்கு அதன் 89-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் ரூ.10,000. வைட்ஃபீல்டில் ஒரு பொறியாளரின் சில நாள் ஊதியம்தான் அது.