ஒரே ஆவணம், நான்கு நேரங்கள்

உயர்நிலை மூன்றில் படித்தபோது எங்கள் குழுவிடம் ஒரு செயல்திட்டம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பற்றி நால்வரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். நாங்கள் கூகல் டாக்ஸில் ஓர் ஆவணத்தை உருவாக்கி, நால்வரும் எழுதும்படி பகிர்ந்துகொண்டோம்.

இரவு எட்டு மணிக்கு மூவர் ஆவணத்தைத் திறப்போம். ஒருவர் எழுதுவது மற்றவர் திரையில் உடனுக்குடன் தெரியும். நான்காம் தோழியின் பெயர் மட்டும் ஒருநாளும் தெரியவில்லை. அவள் எதுவும் செய்யவில்லை என்று நாங்களே முடிவு கட்டினோம். அறிக்கையை ஒப்படைக்க மூன்று நாள்களே இருந்தபோது, அவளுடைய பெயரை நீக்கிவிடலாமா என்று ஆசிரியையிடம் கேட்டோம். ஆசிரியை கோபப்படவில்லை. "பதிப்பு வரலாற்றைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பதிப்பு வரலாறு என்றால் என்ன? கூட்டு ஆவணம் ஒன்றில் நாம் செய்யும் மாற்றங்கள் இணையத்தின்வழி ஒரு மையக் கணினிக்குச் செல்கின்றன. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் மாற்றினார் என்பதை அது பதிவு செய்கிறது. பிறகு மற்றவர்களின் திரைகளுக்கும் அனுப்புகிறது. அதனால், ஆவணத்தின் பழைய நிலைகளை நாம் மீண்டும் திறந்து பார்க்க முடிகிறது.

இருவர் ஒரே நொடியில் எழுதினால் குழப்பம் ஏற்படாதா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான் ஒரு வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்துகளைச் சேர்க்கிறேன். அதே நொடியில் என் தோழி அவ்வரியின் இருபதாம் எழுத்தைத் திருத்துகிறாள். என் மாற்றம் முதலில் பதிவானால், அவள் திருத்த நினைத்த எழுத்து இருபத்தைந்தாம் இடத்திற்கு நகர்ந்திருக்கும். கணினி அதைக் கணக்கிட்டு, அவளுடைய திருத்தத்தைச் சரியான இடத்தில் சேர்க்கும். இத்தகைய முறையைக் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்னும் கணினி ஆய்வாளர்கள் 1989ஆம் ஆண்டிலேயே விளக்கினர். ஆக, எழுத்துகள் மோதாமல் கருவி பார்த்துக்கொள்கிறது. மனிதர்கள் மோதாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அன்று நாங்கள் பதிப்பு வரலாற்றைத் திறந்தோம். தோழியின் பெயர் அதில் ஒன்பது இடங்களில் இருந்தது. எல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரம். அவளுடைய அம்மா மாலையில் வேலைக்குச் செல்கிறார். இரவில் தம்பியைக் கவனித்துக்கொள்வது அவளுடைய பொறுப்பு. வீடு அமைதியாக இருக்கும் விடியற்காலையில்தான் அவளால் எழுத முடிந்தது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. அவள் சொல்லவும் இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. தேநீர்க் கடைக்காரர் ஒருவரைப் பேட்டி கண்டு அவள் இரண்டு பத்திகள் எழுதியிருந்தாள். அவற்றை அழித்தவன் நான். ஆவணத்தில் எந்தப் பத்தியை யார் எழுதினார் என்று பெயர் ஒட்டியிருக்காது. யாரோ தவறுதலாக ஒட்டிய குறிப்பு என்று எண்ணி, யாரையும் கேட்காமல் நீக்கிவிட்டேன். பதிப்பு வரலாற்றின் உதவியால் அந்தப் பத்திகளை மீட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு ஒருநாள் முழுவதும் தேவைப்பட்டது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறியபோது, இணையக் கருவிகளை நாம் விரைவாகப் பழகிக்கொண்டோம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால், அழுத்துவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது பழக்கத்தால் வர வேண்டிய ஒன்று.

அந்தச் செயல்திட்டத்திற்குப் பிறகு எங்கள் குழு சில பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறது. முதலாவதாக, வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எழுத முடியும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதாக, பிறர் எழுதியதை நேரடியாக அழிப்பதில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பக்கத்தில் கருத்துரை இடுகிறோம். மூன்றாவதாக, எழுதி முடித்ததும் அன்று என்ன செய்தோம் என்பதை ஆவணத்தின் மேற்பகுதியில் ஒரு வரியில் குறிப்பிடுகிறோம். நான்காவதாக, இரவு பத்து மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு உடனே பதிலை எதிர்பார்ப்பதில்லை.

இப்பழக்கங்கள் திரையோடு நின்றுவிடவில்லை. தங்கை சாப்பாட்டு மேசையில் பேசும்போது நான் குறுக்கிடுவது குறைந்திருக்கிறது. ஒருவர் வரவில்லை என்றால், "ஏன் வரவில்லை?" என்று குறைகூறுவதற்கு முன், "உனக்கு எந்த நேரம் வசதி?" என்று கேட்கத் தோன்றுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருக்கும் கைகள் எல்லாருக்கும் தெரியும். இணையத்தில் இழுக்கும் தேருக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் இரவில் இழுப்பார். இன்னொருவர் விடியலில் இழுப்பார். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, அந்தக் கை வடத்தில் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் அறிக்கையை நான்கு பெயர்களுடன் ஒப்படைத்தோம். அது தேநீர்க் கடைக்காரரைப் பற்றிய அந்த இரண்டு பத்திகளோடு தொடங்கியது.